டைகாம் ஃபைலும் வேர்டு ஃபைலும்

ஸ்கேன் எடுத்ததும் தருகிற டைகாம் (DICOM, மருத்துவப் படங்களுக்கான ஃபைல் வகை) ஃபைலை வேர்டாக மாற்றித் தருகிறோம் என்று ஏகப்பட்ட தளங்கள். பெரும்பாலும் உள்ளே நடப்பது இவ்வளவுதான்: படத்தை ஜேபெக் ஆக்கி, வெற்றுப் பக்கத்தில் ஒட்டிக் கொடுப்பார்கள். எடிட் செய்ய அதில் ஒரு எழுத்தும் இருக்காது. படத்தின் மேலேயே எழுத்து பதிந்திருந்தால் ஓசிஆர், அதாவது படத்தில் உள்ள எழுத்தைப் படித்தெடுக்கும் மென்பொருள், கொஞ்சம் பிடித்துக் கொடுக்கும். அதிலும் எண்களை நாம்தான் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கணும்.

சிடி ஸ்கேனில் ஒரு புள்ளிக்குப் பொதுவாக 12 பிட், அதாவது 4096 சாம்பல் நிலைகள். வழக்கமான ஜேபெக்கில் 256தான். நுரையீரல் தெளிவாகத் தெரிகிற மாதிரி வைத்துச் சேமித்தால் எலும்பெல்லாம் ஒரே வெள்ளையாகத்தான் தெரியும். மூல ஃபைலில் வெளிச்சத்தை மாற்றி எலும்பையும் பார்க்கலாம்; வேர்டில் என்ன இழுத்தாலும் வராது.

இன்னொன்று, டைகாமுக்குள் நோயாளி பெயர், பிறந்த தேதி எல்லாம் சேர்ந்தே இருக்கும். யார் நடத்துகிறார்கள் என்றே தெரியாத தளத்தில் அதை ஏற்ற எனக்கு மனசு வராது.

ரிப்போர்ட்டில் படம் வேணும்னா, கணினியிலேயே டைகாமைத் திறக்கிற ஒரு இலவச வியூவரில் திறந்து, தேவையான ஸ்லைஸை (ஒரு குறுக்குவெட்டுப் படத்தை) மட்டும் பிஎன்ஜியாக எக்ஸ்போர்ட் செய்து வேர்டில் சேருங்க. மூலையில் பெயர் தெரிகிறதா என்று ஒருமுறை பாருங்க. மூல ஃபைலை மட்டும் அழிச்சிடாதீங்க, அடுத்த டாக்டர் அதைத்தான் கேட்பார்.