சின்ன மேடைக்கு பேஸ் ஆம்ப்: இதுவரை செய்து பார்த்தது

வீட்டில் பேஸ் கிட்டார் பழகுவதற்கு வாங்கிய 30 வாட் காம்போவை (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்) வைத்துத்தான் ஆரம்பித்தேன். எட்டு இன்ச் ஸ்பீக்கர். தனியாக வாசிக்கும்போது ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் பக்கத்தில் டிரம்ஸ் ஆரம்பித்ததும், அதை வாசிப்பவர் எவ்வளவு அடக்கி வாசித்தாலும், என் சத்தம் காணாமல் போய்விடும். கெயின், மாஸ்டர் என்ற சத்தக் குமிழ்கள் இரண்டையும் ஏற்றிப் பார்த்தால் ஸ்பீக்கர் கரகரக்கிறதே தவிர எந்த நோட் வாசிக்கிறேன் என்றே தெரியவில்லை. ஐம்பது அறுபது பேர் உட்காரும் இடம், டிரம்ஸ், ஒரு கிட்டார், ஒரு பாடகர், அப்புறம் நான். இந்த அளவுக்கு எது சரிவரும் என்று பார்க்க ஆரம்பித்தது இப்படித்தான்.

எல்லாரையும் போல நானும் முதலில் வாட் எண்ணைத்தான் பார்த்தேன். அந்த எண் சொல்வது ரொம்பக் குறைவு. வாட் இரண்டு மடங்கானால் கூடுவது 3 டெசிபல்தான், காதுக்கு அது "கொஞ்சம் ஏறியிருக்கிறது" என்ற அளவு. சத்தம் இரண்டு மடங்காகத் தோன்ற சுமார் 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். அப்படியென்றால் 30 வாட்டிலிருந்து 300 வாட்டுக்குப் போவது உண்மையான தாவல், 300க்கும் 500க்கும் நடுவே இருப்பது 2 டெசிபல் சொச்சம். கேபினட்டின் (ஸ்பீக்கர் பெட்டியின்) சென்சிட்டிவிட்டி, அதாவது கொடுக்கும் வாட்டுக்கு அது எவ்வளவு சத்தம் தருகிறது என்பது, இதைவிட முக்கியம். 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் ஒரு கேபினட் 94 டெசிபல் தருகிறது, இன்னொன்று 97 தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டாவதை எடுத்தால் ஆம்பின் சக்தியை இரட்டிப்பாக்கிய பலன் சும்மாவே கிடைக்கிறது. விளம்பரத்தில் வாட்டைப் பெரிய எழுத்தில் போடுகிறார்கள், இந்த எண்ணைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

பேஸுக்கு மட்டும் ஏன் இவ்வளவு சக்தி வேண்டும் என்பதும் எனக்கு அப்போதுதான் புரிந்தது. பேஸில் எல்லாவற்றுக்கும் கீழே ஒலிக்கும் ஈ கம்பியை அழுத்தாமல் மீட்டினால் அதன் அடிப்படை அதிர்வு 41 ஹெர்ட்ஸ். ஒரே அளவு சத்தத்தோடு ஒரு ஆக்டேவ் (அதிர்வு பாதியாகும் அளவு) கீழே இறங்கினால் ஸ்பீக்கரின் கூம்பான கோன் நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் அசைய வேண்டும். சின்ன ஸ்பீக்கரால் அது முடியாது, அதனால்தான் அந்தக் கரகரப்பு. சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த வாட்டில் நிறைய சத்தம், இந்த மூன்றில் இரண்டுதான் ஒரே பெட்டியில் கிடைக்கும் என்பது ஸ்பீக்கர் வடிவமைப்பில் ஹாஃப்மன் விதி. எந்தக் கம்பெனியும் இதைத் தாண்டிவிட முடியாது. சின்ன மேடைக்கு இதில் எதை விடலாம்? என்னைக் கேட்டால் அடி ஆழத்தை விடலாம். 41 ஹெர்ட்ஸ் அடிப்படை பலவீனமாக இருந்தாலும் 82, 123 என்று அதன் மடங்குகளாக வரும் ஹார்மானிக்குகள் தெளிவாகக் கேட்டால் காது அந்த நோட்டைச் சரியாகப் பிடித்துக்கொள்ளும்.

நடுவில் ஒரு 15 இன்ச் பழைய காம்போவை இரவல் வாங்கி ஓட்டினேன். சத்தம் தாராளமாக இருந்தது. ஆனால் தூக்க இரண்டு பேர் வேண்டும், சின்ன அறையில் வைத்தால் ஏ கம்பியில் வாசிக்கும் சில நோட்டுகள் மட்டும் குமுறும், பக்கத்து நோட் மெலியும். அந்தக் குமுறலில் பெரும்பங்கு அறையினுடையது என்பதைப் பிறகு கவனித்தேன், ஏனென்றால் அதே காம்போ திறந்த வெளியில் சீராக ஒலித்தது.

இப்போது வைத்திருப்பது கிளாஸ் டி என்ற எடை குறைந்த வகை ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப்) ஒன்றும், எடை குறைந்த நியோடிமியம் காந்தம் போட்ட 12 இன்ச் கேபினட் ஒன்றும். ஹெட் 3 கிலோவுக்குள் அடங்கிவிடுகிறது, கிட்டார் பையின் பக்கவாட்டு அறையிலேயே போகும். ஹெட் வாங்குகிறவர்கள் ஓம் கணக்கை, அதாவது கேபினட்டின் மின்தடையை, பார்த்துவிடுங்கள்: பெட்டியில் "500 வாட்" என்று போட்டிருப்பது பெரும்பாலும் 4 ஓமில், 8 ஓம் கேபினட் ஒன்றை மட்டும் மாட்டினால் அதில் பாதியோ கொஞ்சம் கூடவோதான் வரும். கிட்டத்தட்ட 3 டெசிபல் குறைகிறது, அவ்வளவுதான், சின்ன இடத்துக்கு அதுவே போதும். 8 ஓம் கேபினட் இரண்டை இணைத்தால் 4 ஓம், அது வரைக்கும் சரி. மூன்றாவதைச் சேர்த்தால் பல ஹெட்டுகள் தாங்காது. ஹெட்டிலிருந்து கேபினட்டுக்குப் போவது ஸ்பீக்கர் கேபிளாகத்தான் இருக்க வேண்டும், கிட்டார் கேபிளை அங்கே மாட்டவே கூடாது, உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி அந்த மின்னோட்டத்துக்கானது இல்லை.

அதிக நேரம் செலவழித்தது ஈக்யூவில், அதாவது தாழ்ந்த ஒலி (பேஸ்), நடு ஒலி (மிட்), உயர்ந்த ஒலி (டிரெபிள்) இவற்றைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் குமிழ்களில். தனியாக வாசிக்கும்போது பேஸும் டிரெபிளும் ஏற்றி மிட்டைக் குறைத்தால் ரொம்ப அழகாக இருக்கும். குழுவோடு சேர்ந்தால் அந்த அழகு கரைந்துவிடுகிறது, கீழே கிக் டிரம் இருக்கிறது, மேலே சிம்பலும் கிட்டாரும் இருக்கின்றன, பேஸுக்கு மிஞ்சுவது நடுப்பகுதிதான். 400 ஹெர்ட்ஸுக்கும் 800 ஹெர்ட்ஸுக்கும் இடையில் கொஞ்சம் ஏற்றி, பேஸ் குமிழை நடுவுக்கும் சற்றுக் கீழே வைத்தேன். தனியாகக் கேட்டால் மூக்கடைத்த மாதிரி இருக்கும், எல்லாரும் சேரும்போது ஒவ்வொரு நோட்டும் தெரியும். ஒரு எல்லைக்குக் கீழே இருக்கும் ஒலியைக் குறைக்கும் ஹை பாஸ் ஃபில்டரையும் 35 ஹெர்ட்ஸ் பக்கம் போட்டுவிட்டேன். அதற்குக் கீழே காதுக்கு உருப்படியாக எதுவும் இல்லை, கம்பியை விரல் தட்டும்போது வரும் அதிர்வுதான் கோனை வீணாகத் தள்ளிக்கொண்டிருந்தது. இதைப் போட்ட பிறகு அதே கேபினட் இன்னும் சத்தமாக, இறுக்கமாகப் போகிறது. ஹெட்டில் இந்த வசதி இல்லாதவர்கள் தனி பெடலாகவாவது ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், புதுக் கேபினட் தேடுவதற்கு முன்னால்.

வைக்கிற இடம் காசில்லாத ஈக்யூ. தரையில், மூலையில் வைத்தால் தாழ்ந்த ஒலி ஏறும், கூடவே குமுறலும் ஏறும். மேலும், மிட் நேராகப் போகக்கூடியது, தரையில் இருக்கும் கேபினட்டின் மிட் என் முழங்கால் உயரத்திலேயே போய்விடும், எனக்குக் கேட்கவில்லை என்று நான் ஏற்றுவேன், முன்வரிசையில் இருப்பவர்களுக்குக் காது வலிக்கும். இப்போது உறுதியான ஸ்டூல் மேல் ஏற்றி, கொஞ்சம் பின்னால் சாய்த்து வைக்கிறேன். உள்ளே வெற்றிடமாக இருக்கும் மரப்பலகை மேடையில் இந்த மாற்றம் ரொம்ப நன்றாகத் தெரியும்.

அரங்கில் பி.ஏ. (கூட்டத்துக்கான ஒலிபெருக்கி அமைப்பு) இருந்தால் ஹெட்டின் டி.ஐ. வெளியீட்டை (மிக்ஸருக்கு நேராகச் சிக்னல் தரும் இணைப்பு) மிக்ஸருக்குக் கொடுத்துவிடுகிறேன், பிரீ நிலையில், அதாவது என் ஈக்யூவுக்கு முந்தைய சிக்னலாக. போஸ்ட்டில் (ஈக்யூவுக்குப் பிந்தையதில்) வைத்தால் மேடையில் எனக்காக நான் திருகுவதெல்லாம் கூட்டத்துக்கும் போகும், சவுண்ட் பார்ப்பவர் பாடு திண்டாட்டம். ஹம் என்ற இரைச்சல் வந்தால் டி.ஐ.யின் தரை இணைப்பைத் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் பட்டனை முதலில் அழுத்திப் பாருங்கள். பேஸைத் தாங்கும் பெரிய ஸ்பீக்கர் பி.ஏ.வில் இல்லாத இடங்களில் பாட்டை மட்டும் அதில் விட்டுவிட்டு, பேஸ் முழுவதையும் என் கேபினட்டே சுமக்கிறது. ஐம்பது பேருக்கு அது தாங்குகிறது.

அடுத்து ஐந்து கம்பி பேஸ். அதன் பி கம்பி 31 ஹெர்ட்ஸ், இந்த 12 இன்ச் அதை அப்படியே தராது என்று தெரியும். ஃபில்டரை எவ்வளவு இறக்கினால் கோன் தாங்குகிறது, இதே மாதிரி இன்னொரு கேபினட்டை மேலே அடுக்கினால் பி கம்பி எவ்வளவு தெளிகிறது என்று பார்க்கப் போகிறேன்.