மணிக்குப் பத்தியச் சாப்பாடு

தீபாவளிக்கு மறுநாள் விடியற்காலை 4 மணிக்கு மணி வாந்தி எடுத்தான். மணி எங்கள் வீட்டுப் பொமரேனியன். 7 வயது, 6 கிலோ. நாய் வாந்தி எடுப்பது புதிதில்லை, புல்லைத் தின்றிருப்பான் என்று துடைத்துவிட்டுப் படுத்தேன். விடிவதற்குள் இன்னும் மூன்று தடவை. கடைசியில் வெறும் மஞ்சள் தண்ணீர்.

அப்புறம்தான் அவன் நின்ற விதத்தைக் கவனித்தேன். முன்னங்கால்களை நீட்டி, நெஞ்சைத் தரையோடு வைத்து, பின்பக்கத்தை மட்டும் தூக்கியபடி அசையாமல் நின்றான். சோம்பல் முறிக்கிறான் என்று நினைத்தேன். அது வயிற்றுவலி. உங்கள் நாய் சாப்பிடாமல், வாந்தியும் எடுத்து, இப்படி நின்றால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள்.

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து கொட்டும் மழையில் ஆட்டோ பிடித்துப் போனோம். முதலில் போன இடத்தில் வாந்திக்கு ஓர் ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் அவனால் தலையைத் தூக்க முடியவில்லை. வேறு டாக்டரிடம் ஓடினோம். அவர் வயிற்றைத் தொட்டதுமே மணி முனகினான். "நேற்று என்ன சாப்பிட்டான்?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொல்லிவிட்டாள்: "கறிக்குழம்புல கொழுப்புத் துண்டு ரெண்டு மூணு போட்டேன் சார். பண்டிகை நாளாச்சே."

ரத்தத்தில் கணைய லிபேஸ் (கொழுப்பைச் செரிக்கும் நொதி) எவ்வளவு என்று பார்த்தார்கள், வயிற்றில் ஸ்கேன் எடுத்தார்கள். கணைய அழற்சி. கணையத்தில் சுரக்கும் செரிமான நீர் குடலுக்குப் போன பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டும். இந்த நோயில் அது கணையத்துக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது, கணையமே வெந்து வீங்குகிறது. பல நாய்களுக்குக் காரணமே தெரியாதாம். ஆனால் கொழுப்புச் சாப்பாடு தூண்டிவிடும் என்பது டாக்டர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். அம்மா அன்று இரவு சாப்பிடவே இல்லை.

மூன்று நாள் டிரிப்ஸ், வாந்திக்கும் வலிக்கும் மருந்து. வலிக்கிறதே என்று நாம் போட்டுக்கொள்ளும் பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் எதையும் கொடுத்துவிடக் கூடாது, அவை நாய்க்கு விஷம் என்று இரண்டு முறை சொன்னார் டாக்டர். அந்த மூன்று நாளும் அவர்கள் பொறுப்பு. அதற்குப் பிறகு வந்த மூன்று மாதம்தான் எங்கள் பொறுப்பு.

முன்பெல்லாம் கணையத்துக்கு ஓய்வு என்று இரண்டு மூன்று நாள் பட்டினி போடுவார்களாம். இப்போது வாந்தி அடங்கியதும் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டத் தொடங்கிவிடச் சொல்கிறார்கள், வெறும் வயிறு குடலைக் கெடுக்கும் என்பதால். மணியின் எடைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 250 கலோரி என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். வெந்த சோறு 100 கிராம், வெந்த கோழி நெஞ்சுக்கறி 75 கிராம் சேர்த்தால் ஏறக்குறைய அந்தக் கணக்கு வரும். முதல் நாள் அதில் கால் பங்கு, மறுநாள் பாதி, அப்புறம் முக்கால், நாலாம் நாள் முழு அளவு. அதையும் ஆறு வேளையாகப் பிரித்து. முதல் நாள் ஒரு வேளைக்கு ஒரு டீஸ்பூன்தான் வந்தது. அந்தக் கிண்ணத்தைப் பார்த்து எனக்கே தொண்டை அடைத்தது.

சமையல் இதுதான்: தோலை உரித்த நெஞ்சுக்கறியை வெறும் தண்ணீரில் வேகவைப்பேன். உப்பு, மஞ்சள், எண்ணெய் எதுவும் கிடையாது. வெங்காயமும் பூண்டும் நாய்க்கு எந்தக் காலத்திலும் ஆகாது. வெந்த தண்ணீரை ஃபிரிட்ஜில் வைத்தால் கொழுப்பு மேலே வெள்ளையாக உறையும். அதை வழித்து எறிந்துவிட்டு, அடியில் உள்ள தண்ணீரில் சோற்றைக் குழைத்துவிடுவேன். ஒரு ஸ்பூன் வெந்த பரங்கிக்காய். ஊட்டுவதற்கு முன் இளஞ்சூடாக்கினால் வாசனை எழும், தானாக மூக்கை நீட்டுவான். உதட்டை நக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினால் குமட்டல் இருக்கிறது என்று அர்த்தம். அப்போது வாயில் திணிக்கக் கூடாது. திணித்தால் அந்தச் சாப்பாட்டின் மேலேயே வெறுப்பு வந்துவிடும். கிண்ணத்தை எடுத்துவிட்டு, குமட்டல் மாத்திரை கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி வைப்பேன்.

மாத்திரை கொடுக்கத்தான் திண்டாடினேன். வெண்ணெயிலோ சீஸிலோ பொதிந்து கொடுப்பதுதான் வழக்கம், இவனுக்கு அது இரண்டுமே ஆகாது. கோழித்துண்டைக் கீறி உள்ளே வைத்துக் கொடுத்தேன், அதன் எடையும் கணக்கில் சேர்த்து.

பத்து நாளில் வாலை ஆட்டத் தொடங்கினான். வீடே அசந்துவிட்டது அப்போதுதான். மூன்றாம் வாரம் ஒரு மத்தியானம் மறுபடி வாந்தி. அம்மா தயிர்சோற்றில் ஒரு சொட்டு நெய் விட்டுக் கொடுத்திருக்கிறாள்.

நான் கத்திவிட்டேன். "வாயில்லா ஜீவனை இப்படிக் காயப்போடுறியே, எம்மனசு கேக்கலைடி" என்று அழுதாள். ஊட்டித்தான் அவளுக்கு அன்பு காட்டத் தெரியும், எங்களையும் அப்படித்தான் வளர்த்தாள். இரவு முழுக்க யோசித்து, காலையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்: "பையன் பிறந்தப்ப எனக்கு எத்தனை நாள் பத்தியம் வெச்சே? எண்ணெய்ப் பலகாரம் கேட்டு அழுதேனே, குடுத்தியா?"

"அது பச்சை உடம்பு" என்றாள்.

"இவனுக்கும் இப்ப பச்சை உடம்புதாம்மா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் எழுந்துபோய், சாப்பாடு நிறுக்கும் சின்ன எடை மெஷினைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து மணியின் சாப்பாடு அவள் கையில். கணக்குநோட்டில் வேளை, கிராம், வாந்தி, மலம் எப்படி இருந்தது எல்லாவற்றையும் எழுதினாள். ஞாயிறுதோறும் பையன் அவனைத் தூக்கிக்கொண்டு ஆள் எடை பார்க்கும் மெஷினில் ஏறி, தன் எடையைக் கழித்துச் சொல்வான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம், "மணிக்கு பிஸ்கட் போடாதீங்க கண்ணுங்களா, பத்தியத்துல இருக்கான்" என்று வாசலிலேயே சொல்லிவிடுவாள்.

கோழிக்குப் பதில் மீன் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டதும் அவள்தான். கொழுப்பு குறைந்த வெள்ளை மீன் என்றால் சரி என்றார். எங்கள் ஊரில் காய்ச்சல்காரருக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் கொடுப்பது கிழங்கான் மீன். முள் ஒன்று விடாமல் விரலால் தடவிப் பார்த்துதான் போடுவாள். மத்தி எண்ணெய் மீன், அது வேண்டாம். புயல் எச்சரிக்கையில் படகு போகாத வாரத்தில் மறுபடி கோழி.

சோறும் கறியும் மட்டும் மாதக்கணக்கில் போதாது, சுண்ணாம்புச்சத்து முதல் பலதும் குறைந்துவிடும். அதனால் ஆறு வாரம் கழித்து, கொழுப்பு குறைந்த பாக்கெட் உணவை ஒரு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்கினோம். உலர் உணவு என்றால் பாக்கெட்டில் கொழுப்பு 10 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். டப்பாவில் வரும் ஈர உணவின் சதவீதத்தை அதோடு நேராக ஒப்பிடக் கூடாது. அதில் முக்கால்வாசி தண்ணீர் என்பதால் எண் குறைவாகத்தான் தெரியும். காலையும் மாலையும் பாக்கெட் உணவு, மத்தியானம் மட்டும் ஒரு பிடி சோறும் மீனும் என்று டாக்டரே அனுமதித்தார். வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்து டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பையும் பார்த்தார்கள், சரியாக இருந்தது.

பொங்கலன்று வாசலில் பானை பொங்கியது. வெல்லமும் நெய்யும் சேர்ப்பதற்கு முன் அம்மா கரண்டியால் வெறும் சோற்றை ஒரு கிண்ணத்தில் எடுத்து, எடை மெஷினில் வைத்தாள். 28 காட்டியது. கொஞ்சம் சோற்றை விரலால் எடுத்துப் பானையிலேயே போட்டாள். 25 வந்ததும், "டேய் மணி, ஆறட்டும் இரு" என்றாள்.