அக்கா சும்மா தருகிறேன் என்ற 11 வருடம்

போன மாதம் அக்கா கூப்பிட்டாள். "அந்த டைம்ஷேர் மெம்பர்ஷிப்பை உன் பேருக்கு மாத்திடறேன், எடுத்துக்கோ. காசு ஒண்ணும் வேண்டாம்."

அத்தானுக்கு மூட்டுவலி. பயணம் என்றாலே முகம் சுளிக்கிறார். டைம்ஷேர் என்றால், முதலிலேயே ஒரு பெரிய தொகை கொடுத்து, ரிசார்ட்டில் வருடா வருடம் சில ராத்திரி தங்கும் உரிமையை வாங்கிவைப்பது. 25 வருட மெம்பர்ஷிப்பில் 14 வருடம் ஓடிவிட்டது, 11 பாக்கி. வருடத்துக்கு 7 ராத்திரி என்றால் 77 ராத்திரி. சும்மா வருகிறது. நான் இரண்டு வாரம் அவகாசம் கேட்டேன். அக்காவுக்கு அதுவே சுருக்கென்று பட்டுவிட்டது. "சும்மா குடுத்தாக்கூடக் கணக்குப் போடுவியாடி?"

போடுவேன். இருபது வருடமாக அடுத்தவர் கணக்கைப் பார்த்துத்தான் சம்பளம் வாங்குகிறேன். தவிர, இந்த மெம்பர்ஷிப்பை அவர்கள் வாங்கிய அன்று நானும் கூட இருந்தேன்.

அது ஒரு ஓட்டல் ஹால். குலுக்கலில் பரிசு விழுந்திருக்கிறது, தம்பதியாக வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று அழைத்திருந்தார்கள். நானும் ஒட்டிக்கொண்டு போனேன். வட்ட மேசை, எதிரே டை கட்டிய ஒரு பையன். வெள்ளைத் தாளில் எழுதினான், ஆனால் எழுத்து எங்கள் பக்கம் நேராகத் தெரியும்படி தலைகீழாக எழுதினான். அந்த வித்தையிலேயே அத்தான் பாதி விழுந்துவிட்டார். வருடத்துக்கு எத்தனை நாள் வெளியூர் போவீர்கள், என்ன வாடகை கொடுப்பீர்கள், அது வருடா வருடம் பத்து சதவீதம் ஏறாதா என்று கேட்டுக் கேட்டு ஒவ்வொன்றையும் அத்தான் வாயாலேயே சொல்லவைத்தான். பத்து சதவீதம் கூட்டிக்கொண்டே போனால் 25ஆம் வருடம் வாடகை கிட்டத்தட்ட 10 மடங்கு ஆகிவிடும். அந்தக் கடைசி எண்ணைச் சுற்றி இரண்டு வட்டம் போட்டான். கீழே ஒரு ஓரத்தில் மெம்பர்ஷிப் விலை, பாவம் போலச் சின்னதாக இருந்தது. பிறகு மேனேஜர் வந்தார். இன்று கையெழுத்துப் போட்டால் மட்டும் தள்ளுபடி என்றார்.

கிளம்பும்போது அந்தத் தாளைக் கேட்டேன். "இது சும்மா புரியறதுக்காக எழுதினது மேடம்" என்று மடித்துப் பையில் போட்டுக்கொண்டான். அச்சடித்த ஒப்பந்தம் மட்டும்தான் எங்கள் கைக்கு வந்தது. அதில் வட்டம் போட்ட எண் எதுவும் இல்லை.

சரி, கணக்குக்கு வருகிறேன். 14 வருடத்துக்கு முந்தைய பணத்தையும் இன்றைய பணத்தையும் ஒரே தராசில் வைத்தால் ஒன்றும் விளங்காது. அதனால் எல்லாவற்றையும் ராத்திரியாக மாற்றிக்கொண்டேன். அதே ஊரில், அதே தரத்தில், மெம்பர் அல்லாத ஒருவர் வரி உட்பட என்ன கொடுத்து ஒரு அறையில் தங்குவாரோ அதுதான் 1 ராத்திரி. ரிசார்ட்டின் விலைப்பட்டியலில் போட்டிருக்கும் வாடகையை எடுக்கக் கூடாது, அதை முழுதாகக் கொடுத்துத் தங்கியவர் யாரையும் நான் பார்த்ததில்லை. புக்கிங் தளத்தில் உண்மையிலேயே பணம் கட்டும் பக்கத்தில் கடைசியாக வரும் எண்தான் கணக்கு.

அப்படிப் பார்த்தால் அக்கா வாங்கிய அன்று மெம்பர்ஷிப்பின் விலை 120 ராத்திரி. கிடைப்பது 25 வருடத்துக்கும் சேர்த்து 175 ராத்திரி. 55 ராத்திரி லாபம் போலத் தெரிகிறது இல்லையா? அந்தப் பையன் தாளில் எழுதாத ஒன்று இருக்கிறது. வருடாந்திரப் பராமரிப்புக் கட்டணம். போனாலும் கட்ட வேண்டும், போகாவிட்டாலும் கட்ட வேண்டும். ஆரம்பத்தில் அது 3 ராத்திரி. 25 வருடத்துக்கு 75. ஆக, ஒரு ராத்திரிகூட விடாமல் தங்கினாலும் 175 ராத்திரிக்கு 195 ராத்திரிப் பணம் கொடுக்கிறோம். தவணை வட்டியை இன்னும் சேர்க்கவே இல்லை.

"வாடகை ஏறும்போது நமக்கு இன்றைய விலையே நிற்குமே" என்று அத்தான் இன்றுவரை சொல்கிறார். இதில்தான் பெரும்பாலானவர்கள் வழுக்குகிறார்கள். 120 ராத்திரிக்கான பணத்தைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தால் அவர் சொல்வது சரி. ஒரு டெபாசிட்டில் போட்டு, அதன் வட்டி வாடகை ஏறும் வேகத்துக்குச் சமமாக ஓடினாலே போதும், 120 ராத்திரிப் பணம் எந்த வருடத்திலும் 120 ராத்திரிப் பணமாகத்தான் இருக்கும். விலையை நிறுத்திவைப்பதற்கு யாருக்கும் முன்பணம் கொடுக்க வேண்டியதில்லை. அதோடு, நின்றது நுழைவு விலை மட்டும்தான். பராமரிப்புக் கட்டணத்தை அவ்வப்போது உயர்த்தலாம் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. உயர்த்தினார்கள். வாடகையும் ஏறியது, கட்டணம் அதைவிட வேகமாக ஏறியது. 3 ராத்திரியாக இருந்தது இப்போது 3.5 ராத்திரி.

அக்காவின் பழைய ஃபைலை வாங்கி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்தேன். நுழைவுக்கு 120. நாலு வருடத் தவணைக்கான வட்டியை அன்றன்றைய வாடகையில் மாற்றினால் தோராயமாக 20. 14 வருடக் கட்டணம் 45. மொத்தம் 185 ராத்திரிப் பணம் போயிருக்கிறது. தங்கியது எத்தனை என்று ரசீதுகளை எண்ணினேன். 61. ஒவ்வொரு ராத்திரியும் மூன்று ராத்திரி விலை. இதை அக்காவிடம் சொல்லவில்லை. இந்தப் பதிவைப் படித்தால் தெரிந்துகொள்வாள்.

98 ராத்திரி தங்கியிருக்க வேண்டியவர்கள் ஏன் 61தான் தங்கினார்கள்? சோம்பல் காரணம் இல்லை. அவர்களுடையது இரண்டாம் தரச் சீசன். இந்தத் தொழிலில் வருடத்தை நிறம் நிறமாகப் பிரித்து விற்பார்கள். கூட்டம் அலைமோதும் வாரங்களுக்கு ஒரு நிறம், ஈ ஓட்டும் வாரங்களுக்கு ஒரு நிறம். குழந்தைகளுக்குப் பள்ளி விடுமுறை இருக்கும் வாரங்கள் எல்லாம் மேல் நிறத்தில் இருந்தன. கீழ் நிறம் வாங்கினால் விலை குறைவு என்று வாங்கியவர்கள் அவர்கள். பிள்ளைகள் படித்த காலம் முழுக்க, விடுமுறை இருக்கும்போது புக்கிங் கிடைக்காது, புக்கிங் கிடைக்கும்போது பரீட்சை. பயன்படுத்தாத ராத்திரிகளை அடுத்த வருடத்துக்குச் சேர்த்துவைக்கலாம் என்றார்கள். சேர்ந்தது, சில வருடத்தில் காலாவதியும் ஆனது.

டைம்ஷேர் என்ற யோசனையே 1960களில் பிரான்ஸின் ஆல்ப்ஸ் மலையில் சூப்பர்டெவோலுய் என்ற பனிச்சறுக்குத் தலத்தில் தொடங்கியது என்பார்கள். அறையை வாடகைக்கு எடுப்பானேன், ஓட்டலையே வாங்கிவிடுங்கள், அதுதான் மலிவு என்பதுதான் அங்கே விளம்பரத்தின் சாரம். 1963இல் சுவிட்சர்லாந்தில் ஹாப்பிமாக் என்ற நிறுவனம் வந்தது. ஒரே ஊருக்கு, ஒரே வாரத்தில், வருடா வருடம் போனால் யாருக்கும் அலுக்கும். 1974இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆர்.சி.ஐ. என்ற நிறுவனம் அதற்குத்தான் வழி செய்தது: உன் வாரத்தை இங்கே கொடு, இன்னொருவர் வாரத்தை அங்கே எடுத்துக்கொள். அழகான ஏற்பாடுதான். ஆனால் மாற்றிக்கொள்ளத் தனிக் கட்டணம் உண்டு, நீங்கள் கொடுக்கும் வாரத்துக்கு மதிப்பு இருந்தால்தான் நல்ல வாரம் திரும்ப வரும். ஈ ஓட்டும் வாரத்தைக் கொடுத்துவிட்டுக் கடற்கரையில் புத்தாண்டு கேட்க முடியாது.

கையெழுத்துப் போட்ட கையோடு வருந்தியவர்கள் எவ்வளவு பேர் என்பதைச் சட்டங்களைப் பார்த்தாலே ஊகிக்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 1994இல் ஒரு உத்தரவு போட்டது, வாங்கியவர் மனம் மாறினால் குறைந்தது 10 நாளுக்குள் விலகலாம் என்று. காரணம் சொல்ல வேண்டியதில்லை, அந்த நாட்களுக்குள் ஒரு காசு முன்பணம் வாங்கக் கூடாது என்பதும் அதிலேயே இருந்தது. 2009இல் அதை 14 நாளாக்கினார்கள். உங்கள் ஒப்பந்தத்தில் விலகும் காலம் எத்தனை நாள், எந்த முகவரிக்கு எழுத வேண்டும் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே தேடுங்கள். அக்கா தேடியபோது மூன்று மாதம் கடந்திருந்தது.

இனி நடந்ததை விட்டுவிட்டு என் கணக்கு. 120ஐ நான் கொடுக்கப்போவதில்லை, அது அத்தான் விட்ட பணம். எனக்கு ஆகப்போவது பெயர் மாற்றக் கட்டணம் 5 ராத்திரி, 11 வருடப் பராமரிப்புக்கு 38.5. கூட்டினால் 43.5. வருடத்துக்குக் கிட்டத்தட்ட 4. கட்டணம் இனி ஏறவே ஏறாது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. வருடத்தில் 4 ராத்திரி தங்கினால் போட்டது வந்துவிடும், மீதி 3 லாபம்.

இந்த இடத்தில் நான் ஏறக்குறைய சரி சொல்லியிருப்பேன். ஃபோனைக்கூட எடுத்துவிட்டேன்.

அப்போதுதான் உறைத்தது: நான் ராத்திரி என்று எண்ணிக்கொண்டிருப்பது அவர்களுடைய ராத்திரி. தனிப் படுக்கையறை, சின்னச் சமையலறை, ஆறு பேர் தங்கும் இடம். நாங்கள் மூன்றே பேர். என் காசில் போனால் சாதாரண இரட்டைப் படுக்கை அறைதான் எடுப்பேன், அந்த வாடகையில் ஐந்தில் மூன்று பங்குதான் ஆகும். அவர்களுடைய 4 ராத்திரிப் பணத்தில் நான் என் ரக அறையில் 6.7 ராத்திரி தங்கலாம். அதாவது 11 வருடமும், ஒரு வருடம்கூட விடாமல், 7 ராத்திரியையும் தங்கித் தீர்த்தால் எனக்கு வரவும் செலவும் சரியாக இருக்கும். லாபம் இல்லை, சரியாக இருக்கும், அவ்வளவுதான்.

நாம் எவ்வளவு பயணம் போகிறோம் என்பதில் எல்லாருக்கும் ஒரு மயக்கம் உண்டு. எனக்கும். வருடத்துக்கு ஒரு வாரமாவது போய்விடுகிறோம் என்று சத்தியம் செய்திருப்பேன். ஃபோனில் படங்களைத் தேதி வாரியாகப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தேன். ஐந்து வருடத்தில் வெளியூரில் 16 ராத்திரி. அதில் 9 உறவினர் வீடுகளில். வாடகை கொடுத்துத் தங்கியது மொத்தம் 7. ஐந்து வருடத்துக்கு.

என் அலுவலகத்தில் ஒருவர் இதே மாதிரி மெம்பர்ஷிப் வைத்துக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறார், அதையும் சொல்லிவிட வேண்டும். கூட்டுக் குடும்பம். ஆறு பேருக்கு இரண்டு அறை எடுக்க வேண்டிய இடத்தில் ஒன்று போதும். பிள்ளைகள் பெரியவர்களாகிவிட்டதால் கூட்டமில்லாத மாதத்தில் போகிறார்கள். புக்கிங் திறக்கும் நாளை நாள்காட்டியில் குறித்துவைத்துக் காலையிலேயே உட்கார்ந்துவிடுவார். அதைவிட முக்கியம், அவர் வாங்கியது இரண்டாம் கையில், விட்டால் போதும் என்றிருந்த ஒருவரிடம். அமெரிக்காவில் இணைய ஏலத்தில் இவற்றை ஒரு டாலருக்குக்கூடப் போட்டிருப்பார்கள். புதிதாக 120 கொடுத்து வாங்குவதை மட்டும் யாருக்கும் நான் சொல்ல மாட்டேன்.

வேண்டாம் என்று அக்காவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஒருத்தன் ஃபோன் பண்ணான். வாங்க ஆள் ரெடியா இருக்காம். ப்ராசஸிங்குக்குன்னு கொஞ்சம் முன்னாடி கட்டணுமாம்" என்றாள்.

"கட்டிட்டியா?"

"அத்தான் கட்டலாங்கறார்."

அன்று ராத்திரியே அவர்கள் வீட்டுக்குப் போனேன். விற்றுத்தருகிறேன் என்று முன்பணம் கேட்பவர்களை நம்பாதீர்கள் என்று அமெரிக்காவின் வர்த்தக ஆணையமே எச்சரிக்கை போட்டிருக்கிறது. டைம்ஷேரில் ஒருமுறை ஏமாந்தவர்களைத் தேடி வரும் இரண்டாவது கூட்டம் இது. அத்தானிடம் ஒன்றுதான் கேட்டேன்: வாங்க ஆள் தயார் என்றால் அவர் கொடுக்கும் பணத்தில் உங்கள் கட்டணத்தைக் கழித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். எதிரிலேயே ஸ்பீக்கரில் போட்டுச் சொன்னார். அந்தப் பக்கம் லைன் கட்டானது. மறுபடி வரவில்லை.

மெம்பர்ஷிப்பைத் திருப்பிக் கொடுக்க ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. பணம் எதுவும் திரும்ப வராது, அடுத்த வருடத்திலிருந்து கட்டணம் நின்றுவிடும். கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அத்தான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை, மேசை மேல் கண்ணாடிக்கு அடியில் கிடக்கிறது.

இந்த வருடக் கட்டணம் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. அதில் 4 ராத்திரியை விருந்தினராக நாங்கள் எடுத்துக்கொள்கிறோம், ராத்திரிக்குப் பாதி விலை தருகிறேன் என்றேன். "கூடப் பொறந்தவகிட்ட வாடகை வாங்கறவளா நான்?" என்று அக்கா சத்தம் போட்டாள். பிறகு அவளே லாகின் செய்து பார்த்தாள். நாங்கள் கேட்ட வாரம் இல்லை. மழைக்காலத்தில், செவ்வாய்க்கிழமையிலிருந்து கிடைத்தது.