மூணாவது குறிப்பு எங்கே இருந்துச்சு?

எங்கள் மலையில் ஓடும் ஒரு கேபிள் சேனலில் வாராவாரம் வருகிற வினாடி வினாவுக்குக் கேள்வி எழுதுகிறவள் நான். கோத்தகிரிப் பக்கத்துக் கன்னேரிமுக்கு விஷயத்தில் நான் சொன்னது விதிப்படி சரி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் பேச்செடுத்தாலே எங்கள் கேபிள் சேனல் பையன்கள் "அக்கா மறுபடியும் ஆரம்பிச்சுட்டாங்க" என்று டீ குடிக்க எழுந்து போய்விடுகிறார்கள். எல்லோரும் சரி என்று ஒத்துக்கொண்ட ஒன்றை நான் ஏன் இன்னும் கிண்டிக்கொண்டிருக்கிறேன் என்று அவர்களுக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

ஆட்டம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒரே விடைக்கு மூன்று குறிப்பு. முதல் குறிப்பிலேயே போன் போட்டுச் சரியாகச் சொன்னால் 30, இரண்டாவதில் 20, மூன்றாவது வரை காத்திருந்தால் 10. தப்பாகச் சொன்னால் அந்தச் சுற்றில் மறுபடி போன் போட முடியாது. அன்றைய சீட்டில் நான் எழுதி வைத்திருந்த விடை ஊட்டி ஸ்டோன் ஹவுஸ். முதல் குறிப்பு, "கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் இந்த மலையில் கட்டிய வீடு நான்." இரண்டாவது, "இருநூறு வயதாகியும் இடியாமல் நிற்கிறேன்." மூன்றாவது, "இப்போது என்னைச் சுற்றிப் பாடம் நடக்கிறது." 1955-இல் அங்கே அரசு கலைக் கல்லூரி வந்துவிட்டது, ஆகவே மூன்றாவதில் ஊட்டிக்காரர் யாராக இருந்தாலும் சொல்லிவிடுவார்கள். நல்ல சீட்டு என்றுதான் நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

முதல் குறிப்பைத் தொகுப்பாளர் தம்பி படித்து முடிப்பதற்குள் போன் வந்துவிட்டது. கோத்தகிரிப் பக்கத்து அம்மா ஒருவர். வயதான குரல், பின்னால் நாலைந்து பேர் பேசுகிற சத்தம். "கன்னேரிமுக்கு பங்களா" என்றார், யோசிக்கவே இல்லை. தம்பி இயர்போனில் என்னைக் கேட்டான், "அக்கா, குடுக்கலாமா?" நான், "சீட்டுல அது இல்லை" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் "இல்லை" என்று என் வாய் அசைந்ததுமே கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தவன் பஸ்ஸரை அழுத்திவிட்டான், அந்தக் கர்ண கடூரமான சத்தம் மலை முழுக்கப் போய்விட்டது, தம்பியும் "மன்னிக்கணும்மா, தவறான விடை" என்று வழக்கமாகச் சொல்வதைச் சொல்லி லைனைத் துண்டித்துவிட்டான். மூன்றாவது குறிப்பில் ஒரு கல்லூரிப் பையன் ஸ்டோன் ஹவுஸ் என்று சொல்லி 10 வாங்கிக்கொண்டு போனான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கன்னேரிமுக்கு பங்களாவைக் கட்டியதும் சல்லிவன்தான். அதுவும் 1819-இல், அவர் மலையேறி வந்த அதே வருடம். ஸ்டோன் ஹவுஸ் வேலை தொடங்கியதே 1822-இல்தான். கோத்தகிரி வீடு இடையில் பாழடைந்து கிடந்தது, பிறகு செப்பனிட்டு இப்போது சல்லிவன் நினைவகமாக வைத்திருக்கிறார்கள், ஆகவே இடியாமல் நிற்கிறது என்ற இரண்டாவது குறிப்பையும் கொஞ்சம் தாராளமாகப் பார்த்தால் அதற்கும் கொடுத்துவிடலாம். மூன்றாவது குறிப்பு மட்டும்தான் ஒத்துவராது. இதெல்லாம் எனக்கு அன்றைக்கும் தெரியும். பொது அறிவுப் புத்தகத்தைப் பார்த்து எழுதிய சீட்டு இல்லை அது. இரண்டு வீடும் தெரிந்துதான், முதல் குறிப்பில் இரண்டுக்கும் இடம் வைத்து, மூன்றாவதில் ஒன்றுக்கு மட்டும் இடம் விட்டு எழுதினேன். இந்த வகை ஆட்டத்துக்குக் குறிப்பு அப்படித்தான் எழுத வேண்டும். முதல் குறிப்பிலேயே ஒரே ஒரு விடைதான் வரும் என்றால் மற்ற இரண்டு எதற்கு?

நிகழ்ச்சி முடிந்ததும் ஆபீஸ் நம்பருக்கு அந்த அம்மாவே போன் செய்தார். எடுத்தது நான். இந்தப் பேச்சுதான் என்னை விடமாட்டேன் என்கிறது.

"ஏம்மா, எங்க ஊர்ல அந்த பங்களா இல்லையா?"

"இருக்கும்மா."

"சல்லிவன் தொரை கட்டலையா?"

"அவர் கட்டினதுதாம்மா."

"அப்புறம் எது தப்பு?"

"மூணாவது குறிப்புக்குப் பொருந்தலைங்கம்மா."

"நான் போன் போட்டப்போ மூணாவது குறிப்பு எங்கே இருந்துச்சு?"

சீட்டுல இருந்துச்சு என்றேன். வேறு என்ன சொல்வது. அவர் சண்டைக்காரக் குரலில் பேசவில்லை, கணக்கில் எங்கே விட்டோம் என்று பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியில், "மார்க்கு வேண்டாம்மா. ஊர்ல எல்லாரும் பாத்துக்கிட்டிருந்தாங்க. எங்க ஊர் பங்களாவைத் தப்புன்னு டிவியில சொல்லிட்டீங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மார்க்குக்காகக் கேட்டிருந்தால் எனக்குப் பதில் இருந்தது. ரொம்ப நல்ல பதில். முதல் குறிப்பில் அடிப்பது துணிச்சல், அதற்குத்தான் 30, மாட்டினால் போனதுதான், எல்லோரும் தெரிந்தே ஆடுகிறார்கள். அவருக்கு 30 கொடுத்திருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும், காத்திருந்தவர்கள் சும்மா விடுவார்களா? அடுத்த வாரம் ஆளாளுக்கு "முதல் குறிப்புக்கு என் விடையும் பொருந்துதே" என்று வந்து நிற்பார்கள், பொருந்தவும் செய்யும். இத்தனையும் நான் வரிசையாக வைத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

நாலு விடை கொடுத்துக் கேட்கிற நிகழ்ச்சிகளில் இந்தத் தலைவலி குறைவு. 2012-இல் சூர்யா நடத்திய "நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி"யை வீட்டுக்கு வீடு பார்த்தோமே, அதில் போட்டியாளர் தேர்ந்தெடுத்தது தப்பு என்றால் சரியான விடை பக்கத்திலேயே பச்சையில் எரியும், ஒத்துக்கொண்டு போய்விடலாம். குறிப்பு ஆட்டத்தில் பச்சை விளக்கு சீட்டுக்குள் இருக்கிறது. பார்ப்பவர் உலகத்தில் உள்ள எதை வேண்டுமானாலும் கொண்டுவரலாம், அவர் கொண்டுவந்தது உண்மையாகவும் இருக்கலாம். கேள்வி எழுதுகிறவர் இரண்டு சோதனை செய்ய வேண்டும். அதுதானா, அது மட்டும்தானா. முதலாவதற்குப் புத்தகம் போதும். இரண்டாவதற்கு எந்தப் புத்தகமும் போதாது.

எங்கள் மலையில் இரண்டாவது சோதனை ரொம்பக் கஷ்டம். ஸ்நூக்கர் பிறந்த ஊர் எது என்று கேட்டுப் பாருங்கள். ஊட்டிக்காரர்கள் அடித்துச் சொல்வார்கள், ஊட்டி கிளப் என்று. ஆட்டத்தை நெவில் சேம்பர்லேன் என்ற ராணுவ அதிகாரி 1875-இல் ஜபல்பூரில் உருவாக்கினார், 1882-இல் ஊட்டி கிளப்பில்தான் விதிகளை எழுதி மாட்டினார்கள். (பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான சேம்பர்லேன் வேறு ஆள், இதற்கே ஒரு வாரம் முழுக்கப் போன் வந்தது.) மலை ரயில் எப்போது வந்தது என்றால் குன்னூர்க்காரருக்கு 1899, ஊட்டிக்காரருக்கு 1908. இரண்டும் சரி. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு வந்த ரயில் ஊட்டிக்கு ஏறி வர ஒன்பது வருடம் எடுத்துக்கொண்டது, அந்த ஒன்பது வருடத்தை இரண்டு ஊரும் இன்னும் மறக்கவில்லை. தொட்டபெட்டா 2,637 மீட்டர், தமிழ்நாட்டில் அதுதான் உயரம், தென்னிந்தியா என்று ஒரு வார்த்தை போட்டால் 2,695 மீட்டரோடு ஆனைமுடி வந்து நிற்கும். இதையெல்லாம் பார்த்துப் பார்த்து எழுதுகிறவள் நான். கவனக்குறைவு என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது, அதனால்தான் அந்த அம்மா சொன்னது இன்னும் உறுத்துகிறது.

பெரிய நிகழ்ச்சிகளில் என்ன செய்தார்கள் என்று தேடிப் பார்த்தேன், என் பக்கம் யாராவது இருப்பார்கள் என்று. 1999-இல் இங்கிலாந்தில், கோடீஸ்வரன் வகை நிகழ்ச்சிகளுக்கெல்லாம் தாயான அந்த நிகழ்ச்சியில், டென்னிஸில் ஆறு கேம் கொண்ட ஒரு செட்டை ஜெயிக்கக் குறைந்தது எத்தனை முறை பந்தை அடிக்க வேண்டும் என்று கேட்டார்கள். டோனி கென்னடி என்பவர் 24 என்றார், சரி என்று பணம் கொடுத்துவிட்டார்கள். பார்த்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். எதிராளி தன் சர்வீஸில் எல்லாவற்றையும் டபுள் ஃபால்ட் செய்தால், அதாவது இரண்டு முறையும் தவறாகப் போட்டுப் புள்ளியை விட்டால், அந்த மூன்று கேமில் நாம் மட்டையை வீசவே வேண்டாம், நம்முடைய மூன்று கேமில் எதிராளி தொடவே முடியாத சர்வீஸ், அதாவது ஏஸ், நாலு நாலு, ஆக 12 போதும். நிறுவனம் தப்பை ஒத்துக்கொண்டது, ஆனால் அவர் பணத்தைத் திரும்பக் கேட்கவில்லை. அதே நிகழ்ச்சியின் அமெரிக்கப் பதிப்பில் 2001-இல் எட் டூட்டன்ட் என்பவரைத் தப்பு என்று சொல்லி அனுப்பிவிட்டு, பிறகு கேள்வியிலேயே கோளாறு என்று தெரிந்து மறுபடி கூப்பிட்டார்கள், அவர் வந்து பதினெட்டு லட்சம் டாலருக்கு மேல் ஜெயித்துக்கொண்டு போனார்.

இரண்டுமே எனக்கு உதவவில்லை. அங்கே கேள்வி தப்பு, இங்கே கேள்வி சரி. அங்கே ஒரு கோளாறு இருந்தது, அதைச் சரி செய்தார்கள். எங்களிடம் திருத்துவதற்கு எதுவுமே இல்லை. எங்கள் பரிசு மாதக் கடைசியில் ஒரு பிரஷர் குக்கர், அதுவும் ஸ்பான்சர் பாத்திரக் கடைக்காரர் தருவது.

அடுத்த வாரம் ஆரம்பத்தில், கன்னேரிமுக்கு பங்களாவும் சல்லிவன் கட்டியதே, ஸ்டோன் ஹவுஸுக்கும் முந்தையது என்று ஒரு வரி சொல்லிவிடலாம் என்று முதலாளியிடம் கேட்டேன். "சொன்னா தப்பு நம்ம மேலன்னு ஆயிடும்மா, அப்புறம் வாராவாரம் இதே வேலை" என்றார். நான் வற்புறுத்தவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருந்தது, அதைச் சொல்ல எனக்கு அவ்வளவு விருப்பமில்லை. சீட்டு என்னுடையது, அதன் அழகே இரண்டு வீட்டையும் முதல் குறிப்பில் ஒளித்து வைத்ததுதான், அதை விளக்கிச் சொல்லிக் கெடுக்க மனம் வரவில்லை.

சண்டை என்னவோ தானாகவே நடந்தது. குன்னூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கலைக் கல்லூரி பழைய மாணவர் ஒருவருக்கும் கோத்தகிரிக்காரர் ஒருவருக்கும் பேச்சு முற்றி, முதல் வீடு உங்களுடையது என்றால் தலைமையிடத்தை ஏன் சல்லிவன் ஊட்டிக்குக் கொண்டுவந்தார் என்று இவர் கேட்க, அங்கே குளிர் தாங்காமல் முதலில் எங்கள் ஊரில்தான் வந்து தங்கினார் என்று அவர் சொல்ல, அதற்கு ஆதாரம் இருவரிடமும் இல்லை, இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் டீயைப் பார்த்தேன். அடுத்த வாரம் போன் இரண்டு மடங்கு வந்தது. முதலாளிக்கு ஏகப்பட்ட சந்தோஷம். இப்படியொரு சீட்டு வாராவாரம் எழுத முடியுமா என்று கேட்டார்.

அதற்கப்புறம் நான் கொஞ்ச காலம் சீட்டின் பின்பக்கத்தில் "இதுவும் ஏற்கலாம்" என்று ஒரு பட்டியல் எழுதிப் பார்த்தேன். நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் யார் என்ன சொன்னாலும் பாதி நாள் சரி என்றாகிவிட, முதல் குறிப்போடு ஆட்டம் முடிந்துபோக, பார்க்கிறவர்களுக்குச் சண்டை போட எதுவும் இல்லாமல் போய்விட்டது. "இப்பல்லாம் கேள்வி சப்புன்னு இருக்கு" என்று வழக்கமாகப் போன் செய்கிற அரவங்காட்டுக்காரரே சொன்னார். பட்டியலை நிறுத்தினேன். ஆகவே நியாயத்தைவிட ஆட்டம் முக்கியம் என்று நான் முடிவு செய்தேன் என்று எடுத்துக்கொள்ளலாம், அப்படி நான் ஒருநாளும் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை என்றாலும்.

ஒன்று மட்டும் எனக்குப் புதிராகவே இருக்கிறது. ஸ்டோன் ஹவுஸ் மட்டும் தெரிந்தவர் முதல் குறிப்பிலேயே தைரியமாக அடித்து 30 வாங்கியிருப்பார். இரண்டும் தெரிந்தவர் தயங்கிக் காத்திருந்து 10 வாங்குவார். பக்கத்திலேயே வாழ்கிறவர் முதல் ஆளாக வந்து பஸ்ஸர் வாங்குகிறார். விதியை எப்படிப் பிரித்து எழுதினாலும் இந்த வரிசை மாற மாட்டேன் என்கிறது. துணிச்சலுக்கு 30 என்று நான் சொல்லிக்கொள்கிறேன், அவரிடம் இருந்தது துணிச்சலே இல்லை.

"தவறான விடை" என்பதை மட்டுமாவது மாற்றலாம் என்று தம்பியிடம் சொன்னேன். அதைச் சொன்னதுதான் பிரச்சினை, கொடுக்காதது இல்லை என்று ஒரு நேரம் நினைத்தேன். பஸ்ஸரை எடுத்துவிட்டு, "இந்த விடை எங்கள் சீட்டில் இல்லை" என்று மரியாதையாகச் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். கூடலூரிலிருந்து ஒருவர் போன் செய்தபோது அப்படியே சொன்னான். அந்தப் பக்கம் ஒரு நொடி சத்தமே இல்லை. அப்புறம் அவர் கேட்டார்,

"இல்லைன்னா என்ன தம்பி, பேனா இருக்குல்ல, எழுதிக்கோ."

தம்பி என்னைப் பார்த்தான். நான் பஸ்ஸரைப் போடச் சொன்னேன்.