ஹிஸ்டரி டேபிள்ல இல்லாத 580

கடலூர் முதுநகர்ல ஒரு மீன் வியாபாரிக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் குடுத்திருக்கேன், பைத்தான்ல வெப் ஆப் கட்டுற ஜாங்கோல, பின்னாடி டேட்டாபேஸா போஸ்ட்கிரஸ். போன மாசம் ஒருநாள் காலங்காத்தால போன். "தம்பி, வஞ்சிரம் கிலோ 850, பாண்டி ஓட்டலுக்கு 580ன்னு பில்லு போயிருக்கு, யாரு மாத்துனது?" நான் தெம்பா சொன்னேன், அண்ணே யார் மாத்துனாலும் பதிவாயிருக்கும், ஒவ்வொரு மாத்தத்தையும் ஆள் பேரோட தனி டேபிள்ல எழுதி வைக்கிற சிம்பிள் ஹிஸ்டரி லைப்ரரி போட்டிருக்கோம்ல.

தொறந்து பாத்தா கடைசி வரி முந்தாநாளோடது, 850, பக்கத்துல கணக்குப் பையன் பேரு. 580ங்கிற நம்பரே அதுல இல்ல, ஆனா மெயின் டேபிள்ல ஜம்முனு உக்காந்திருக்கு. அண்ணன் கடைசியா தொட்டவன் இவன்தானேன்னு அந்தப் பையனை முறைக்க ஆரம்பிச்சிட்டாரு, பாவம். ஹிஸ்டரியே இல்லாம இருந்திருந்தாகூட அவன் தப்பிச்சிருப்பான்.

தப்பு என்னோடது. ஏலம் முடிஞ்சதும் எல்லா ரேட்டையும் ஒரே ஸ்க்ரீன்ல மாத்தணும்னு கேட்டாங்க, ஒவ்வொண்ணா சேவ் பண்ணா லேட்டாகுதேன்னு ஃபில்டர் போட்டு ஒரே அப்டேட்டா அடிச்சு வச்சிருந்தேன். அது நேரா டேட்டாபேஸுக்கு எஸ்க்யூஎல் கட்டளையா போயிடும், ஜாங்கோவோட சேவ் ஃபங்ஷனைக் கூப்பிடாது, சேவ் ஆனதும் ஜாங்கோ குடுக்குற போஸ்ட் சேவ் சிக்னலும் கிளம்பாது, சிம்பிள் ஹிஸ்டரியோட பொழப்பே அந்த சிக்னல்லதான் ஓடுது. பல வரியை ஒண்ணா மாத்துற பல்க் அப்டேட்டும் அதே கதைதான், அதுக்கு லைப்ரரியே தனி ஃபங்ஷன் வச்சிருக்கு, ஞாபகமா கூப்பிடணுமே! ஜாவா பக்கம் ஹைபர்னேட்ல இதே வேலைக்கு என்வர்ஸ் போட்டவங்க சிரிக்க வேணாம், அதோட ஹெச்க்யூஎல் மொழில மொத்தமா அப்டேட் அடிச்சா அங்கயும் பதிவாகாது.

இப்ப போஸ்ட்கிரஸ்லயே, வரி மாறுனா தானா ஓடுற ட்ரிகர் போட்டு பழைய வரி, புது வரி ரெண்டையும் ஜேசன் வடிவத்துல ஒரு டேபிள்ல கொட்டுறேன், எந்த வழியா வந்து மாத்துனாலும் மாட்டிக்கும். ஆனா ட்ரிகருக்கு ஆள் தெரியாது, ஆப் முழுக்க ஒரே டேட்டாபேஸ் யூசர்தான். அதனால லாகின் பேரை போஸ்ட்கிரஸோட செட் கான்ஃபிக் ஃபங்ஷன்ல வச்சு அனுப்பணும், அதுவும் அந்த ட்ரான்சாக்ஷனுக்கு (ஒண்ணா சேந்து முடியுற ஒரு கட்டு வேலை) மட்டும்னு, இல்லன்னா கனெக்ஷன் அடுத்த ஆளுக்குப் போறப்ப முந்துன ஆளோட பேரு ஒட்டிக்கிட்டே வரும். இதை, ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டும் வியூவுக்கு (பதில் தயார் பண்ற கோடு) முன்னாடி கடந்து போற மிடில்வேர்ல வச்சேன், பேரு காலியாவே வந்துச்சு, ரெண்டு நாள் மண்டை காஞ்சுது. கடைசில பாத்தா, ரிக்வெஸ்ட்டுக்கு ட்ரான்சாக்ஷன் தொறக்குற அட்டாமிக் ரிக்வெஸ்ட்ஸ் செட்டிங் வியூவை மட்டும்தான் சுத்துது, மிடில்வேர் ட்ரான்சாக்ஷனுக்கு வெளிய நிக்குது, அதான் அங்க வச்ச பேரு உள்ள போகல. மிடில்வேர்லயே அட்டாமிக்னு ட்ரான்சாக்ஷன் தொறந்தப்புறம்தான் சரியாச்சு.

அந்த 580 யார் அடிச்சதுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. புது டேபிள்ல இன்னும் சில வரில பேரு காலியாத்தான் இருக்கு, அதெல்லாம் ராத்திரில நானே நேரா டேட்டாபேஸ்ல பூந்து சரி பண்ணது, அண்ணன் இன்னும் அதைக் கேக்கல.