புற்றுச் செல்லுக்கு எதிரே எதை வைப்பது?

மாதிரியில் எந்தெந்தப் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி கருவியின் முதல் முடிவு வந்த அன்று, பட்டியலின் மேல்பகுதி முழுக்கக் கெரட்டின் என்னும் புரதம். லேபில் சேரும் எல்லோருக்கும் சொல்லித்தருவது, கெரட்டின் தெரிந்தால் அது நம் தோலிலிருந்தும் முடியிலிருந்தும் உதிர்ந்து விழுந்தது, எடுத்துவிடு என்பதுதான். நானும் அந்தப் பெயரில் இருந்த வரிகளை ஒன்றுவிடாமல் நீக்கினேன். அதனால் நாலு மாதம் போனது.

நான் தேடியது, மார்பகப் புற்றுநோய்ச் செல்லைச் சாதாரணச் செல்லிலிருந்து பிரித்துக்காட்டும் புரதங்களை. இதற்கு ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கப்படும் இரண்டு செல் வகைகளை எடுத்தேன்: புற்றுச் செல்லுக்கு எம்.சி.எஃப்-7, சாதாரணச் செல்லுக்கு எம்.சி.எஃப்-10ஏ. இரண்டும் டெட்ராய்ட்டில் இருந்த மிச்சிகன் புற்றுநோய் அறக்கட்டளையில் உருவானவை. அந்த மூன்று எழுத்தும் அதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கம். முதலாவது, 1970இல் 69 வயதுக் கன்னியாஸ்திரி ஒருவரின் நுரையீரலைச் சுற்றித் தேங்கிய நீரிலிருந்து எடுக்கப்பட்டது. இரண்டாவது, புற்றுநோய் இல்லாத, மார்பில் நார்த்திசுத் தடிப்பும் நீர்க்கட்டிகளும் இருந்த 36 வயதுப் பெண்ணின் திசுவிலிருந்து வந்தது. பிளாஸ்க்கைக் கையில் எடுக்கும்போது அந்த இருவரையும் நினைத்துக்கொள்வேன்.

வேலைமுறை சுலபமாகத்தான் தெரியும். செல்லை உடைத்துப் புரதத்தை எடுக்க வேண்டும், டிரிப்சின் என்ற நொதியைப் போட்டுச் சிறு துண்டுகளாக வெட்ட வேண்டும், கருவியில் ஏற்ற வேண்டும். எந்தப் புரதம் எதில் கூடுதல் என்று கணினி சொல்லிவிடும். அந்தக் கூடுதலும் குறைவும் எதனால் வந்தது என்பதை அது சொல்லாது.

நாலு மாதம் பல புரதங்களின் பின்னால் அலைந்த பிறகு, எங்கள் சீனியர் அக்கா ஒருநாள் பழைய பட்டியலைக் கேட்டார். "நீ எடுத்த கெரட்டின் எல்லாம் எந்த நம்பர்?" என்றார். கெரட்டினில் பல வகை உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். பார்த்தால், 1, 2, 9, 10 ஆகியவற்றோடு 8, 18, 19, 5, 14 எல்லாம் சேர்ந்தே போயிருந்தன. முதல் நான்கும் பெரும்பாலும் நம் தோலிலிருந்து வருபவை, சரி. மற்றவை பெரும்பாலும் செல்லிலிருந்தே வந்தவை. மார்பின் பால்நாளத்தில் இரண்டு அடுக்கு உண்டு. உள்ளடுக்குச் செல்களில் 8, 18, 19 அதிகம். வெளியடுக்கில் 5, 14. எம்.சி.எஃப்-7 உள்ளடுக்கின் சாயல் கொண்டது, 10ஏ வெளியடுக்கின் பக்கம் சாய்ந்தது. ஆக, நான் நோயின் அடையாளம் என்று நினைத்ததில் பெரும்பகுதி, ஆரோக்கியமான மார்பிலேயே பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு அடுக்குகளுக்கு இடையிலான வேறுபாடு. கெரட்டின் வரிகளை நிதானமாகப் படித்திருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. கெரட்டின் 19 மார்பிலேயே புற்றைக் காட்டிக்கொடுக்காது. ஆனால் அக்குளின் நிணநீர்க்கணுவில் அது தென்பட்டால், அங்கே இருக்கக் கூடாத செல் வந்திருக்கிறது என்று பொருள். புரதம் ஒன்றுதான். எங்கே, எதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம் என்பதில்தான் அது அடையாளமாகிறது.

அப்புறம் மீடியா, அதாவது செல் வளரும் ஊட்டக் கரைசல். எம்.சி.எஃப்-7க்கு மாட்டுக் கன்றுக் கருவின் சீரம் 10 சதவீதம் சேர்ப்போம். 10ஏ-வுக்குக் குதிரைச் சீரம் 5 சதவீதம், அதோடு வளர்ச்சிக் காரணி, இன்சுலின், ஹைட்ரோகார்ட்டிசோன், காலரா நச்சு. சாப்பாடே வேறாக இருக்கும்போது புரதம் ஒன்றாகவா இருக்கும்? எம்.சி.எஃப்-7 செல்களைச் சில நாள் 10ஏ-வின் மீடியாவில் வளர்த்து, அப்போது மாறிய புரதங்களை எல்லாம் ஒதுக்கினேன். பட்டியல் நன்றாகவே சுருங்கியது. மனசு கொஞ்சம் வலித்தது, ஆனால் அதைச் செய்யாமல் விட்டிருக்கக் கூடாது.

ஒரே பிளாஸ்க்கிலிருந்து ஒரே நாளில் மூன்று தட்டு போட்டு அதை மூன்று மாதிரி என்று கணக்குக் காட்டாதீர்கள். வெவ்வேறு வாரத்தில் வளர்த்துச் செய்யுங்கள். 3000 புரதங்களை 5 சதவீத வரம்பில் சோதித்தால், உண்மையில் எந்த வேறுபாடும் இல்லாவிட்டாலும் சுமார் 150 புரதங்கள் தற்செயலாகவே வேறுபட்டதுபோலத் தெரியும். அதற்கான திருத்தத்தைப் போட்டே ஆக வேண்டும்.

என் முறை சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஹெர்2 என்ற புரதம் கை கொடுத்தது. சாதாரணச் செல்லிலும் அது கொஞ்சம் உண்டு. சில புற்றுகளில் மரபணு பலமடங்கு பெருகுவதால் புரதமும் பெருகிவிடும். அதைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்து 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எஸ்.கே-பி.ஆர்-3 என்ற மார்பகப் புற்றுச் செல்களில் ஹெர்2 மிக அதிகம். முதலில் என் கருவி முடிவில் அது மங்கலாகவே வந்தது. செல் சவ்வில் பதிந்த புரதம் என்பதால் மென்மையான சோப்புக் கரைசலில் சரியாகக் கரையவில்லை. கரைசலை மாற்றியதும் தெளிவாக வந்தது. அதுவரை எத்தனை சவ்வுப் புரதங்களைத் தவறவிட்டிருந்தேனோ.

ஹார்மோன் ஏற்பி இல்லாத, ஹெர்2 பெருகாத எம்.டி.ஏ-எம்.பி-231 என்ற மார்பகப் புற்றுச் செல்களையும் சேர்த்து மறுபடி செய்தேன். இரண்டு வகைப் புற்றிலும் ஒரே பக்கம் மாறிய புரதங்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் ஆன்டிபாடி கொண்டு தனியாகச் சரிபார்க்கும் வெஸ்டர்ன் பிளாட் போட்டதில் மூன்று மிஞ்சின.

பிறகு நோயாளிகள் ஒப்புதலோடு கொடுத்த திசு வெட்டுகளுக்குப் போனோம். புரதம் இருக்கும் இடம் பழுப்பாகத் தெரியும்படி அவற்றுக்குச் சாயமேற்றியிருந்தோம். நோயியல் மருத்துவர் நுண்ணோக்கியை என் பக்கம் திருப்பி, கட்டிக்குப் பக்கத்தில் இருந்த சாதாரணப் பால்நாளத்தை முதலில் பார்க்கச் சொன்னார். இரண்டு புரதங்களுக்கு அங்கேயும் அதே பழுப்பு நிறம். மூன்றாவதற்கு நாளம் வெளிறியும் கட்டி அடர்ந்தும் இருந்தது. அந்த ஒன்றை இன்னொரு மருத்துவமனையின் மாதிரிகளில் பார்க்க நெறிமுறைக் குழுவிடம் விண்ணப்பித்திருக்கிறோம்.