வேட்டி கட்டியவன் கிட்டாரில் பக்கிள் கீறல் விழாது

போன பொங்கலுக்கு மச்சினன் மகன் சென்னையிலிருந்து வந்தபோது தோளில் ஒரு கிட்டார் பை இருந்தது. கூடத்தில் பாயை விரித்து, ஜிப்பைத் திறந்து வெளியே எடுத்தான். எனக்குப் பகீரென்றது. வலது கை படுகிற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு பெயிண்ட் போய் மரம் தெரிந்தது. ஓரமெல்லாம் சில்லுச் சில்லாகப் பெயர்ந்திருந்தது. திருப்பிப் பார்த்தால் நடு முதுகில் கீறலோ கீறல். ஸ்க்ரூ தலைகளில் துரு.

"யாருகிட்டடா ஏமாந்த?" என்று கேட்டுவிட்டேன்.

"இல்ல மாமா, கம்பெனியிலேருந்தே இப்படித்தான் வரும். இதுக்குப் பேரு ரெலிக்."

கேள்விப்பட்டிருக்கிறேன். கையில் எடுத்துப் பார்த்ததில்லை. நான் பகலில் கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடையில் கணக்கு எழுதுகிறவன். 1992-லிருந்து ராத்திரிகளில் மெல்லிசைக் குழுவில் லீட் கிட்டார். ஆடி மாதம் அம்மன் கோயில்கள், பங்குனி உத்திரம், சித்திரைத் திருவிழா, நடுவில் கல்யாண வரவேற்புகள் என்று ஓடுகிறது. இத்தனை வருஷத்தில் என் கிட்டாரில் ஒரு கீறல் விழுந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. காசு கொடுத்துக் கீறல் வாங்குவார்களா என்றுதான் முதலில் தோன்றியது.

சரி, வாசித்துப் பார்ப்போம் என்று மடியில் வைத்தேன். இடது கை நெக்கை, அதாவது கம்பிகள் ஓடுகிற நீளக் கழுத்தை, பிடித்ததும் பேச்சு நின்றுவிட்டது. புது கிட்டாரின் நெக் பளபளவென்று இருக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அரை மணி நேரம் வாசித்தால் கட்டைவிரல் அதில் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கும். இதன் பின்புறம் தாத்தா காலத்து ஊஞ்சல் பலகை மாதிரி வழவழப்பாக, ஆனால் ஒட்டாமல் இருந்தது. விரல் பதிகிற முன்பக்கப் பலகையான ஃபிங்கர்போர்டின் இரண்டு விளிம்புகளையும் லேசாக உருட்டி விட்டிருந்தார்கள். மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தேன். எங்கேயும் கை தடைபடவில்லை. என் கிட்டாரை இந்தப் பதத்துக்குக் கொண்டுவர எனக்குப் பதினைந்து வருஷம் ஆனது.

ஃபெண்டர் என்ற அமெரிக்க கிட்டார் கம்பெனியின் கஸ்டம் ஷாப் பிரிவு, 1987-இல் தொடங்கியது, 1995-இல் இந்த ரெலிக் கிட்டார்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆரம்ப வருஷங்களில் பாடிக்கும் நெக்குக்கும் வயதேற்றுகிற வேலையை மிசௌரியில் வின்ஸ் குனெட்டோ என்பவர் செய்து கொடுத்தார். மூன்று தரம் வைத்தார்கள். கடையிலேயே விற்காமல் கிடந்த பழைய கிட்டார் போல ஒன்று. வாங்கிக் கொஞ்சம் வாசித்துவிட்டு அலமாரியில் போட்டது போல ஒன்று. மேடை மேடையாக அடிபட்டது போல ஒன்று. கடைசித் தரத்துக்குத்தான் ரெலிக் என்று பெயர். அதுவே பிறகு எல்லா கம்பெனிக்கும் பொதுப்பெயர் ஆகிவிட்டது. கிப்ஸன் தன் பங்குக்கு மர்ஃபி லேப் என்று ஒரு பிரிவே வைத்திருக்கிறது. இவையெல்லாம் லட்சங்களில் விலை. இவன் வாங்கியது ஃபெண்டரே மெக்ஸிகோவில் செய்த ரோட் வோர்ன், 2009-இல் வந்த வரிசை, செகண்ட் ஹாண்டில் பிடித்திருக்கிறான். சன்பர்ஸ்ட் நிறம், மேப்பிள் நெக்.

எப்படிச் செய்கிறார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. எங்கள் கடையில் ஆன்டிக் ஃபினிஷ் குத்துவிளக்கு விற்கிறோம். புதுப் பித்தளையை ரசாயனத்தில் முக்கிக் கறுக்க வைப்பார்கள். அப்புறம் மேடான இடங்களை மட்டும் தேய்த்து மஞ்சள் வெளியே தெரிய விடுவார்கள். கிட்டாரிலும் அதே கணக்குதான். உலோகப் பாகங்களை அமிலப் புகை காட்டி மங்க வைக்கிறார்கள், கை படும் இடத்தில் பெயிண்டைத் தேய்த்து எடுக்கிறார்கள், வெளியே தெரிகிற மரத்துக்குப் பழுப்புச் சாயம் கொடுக்கிறார்கள். பெயிண்டில் கண்ணாடி விரிசல் போலக் கோடுகள் வேண்டுமென்றால் பிளேடால் கீறுவது உண்டு, திடீரென்று குளிர வைத்து வெடிக்க விடுவதும் உண்டு.

ஆன்டிக் விளக்கை நான் பத்தடி தூரத்திலிருந்தே சொல்லிவிடுவேன். அதில் கறுப்பு எல்லாப் பள்ளத்திலும் ஒரே அளவாக இருக்கும். வீட்டில் எரிந்த விளக்கு அப்படி இராது. ஐந்து முகத்தில் தினம் ஏற்றுகிற ஒரு முகத்தின் மூக்கு மட்டும் எண்ணெய்ப் பிசுக்கு இறுகிக் கறுத்திருக்கும், மற்ற நான்கும் ஏறக்குறைய புதிதாக இருக்கும். தூக்கி வைக்கிற தண்டில் ஒரு பிடி அகலத்துக்கு வேலைப்பாடு மழுங்கியிருக்கும். அந்த வீட்டில் விளக்கு எந்தத் திசை பார்த்து நின்றது, ஏற்றியவர் எந்தக் கையால் எடுத்தார் என்பதுவரை சொல்லலாம். அதே கண்ணோடு அவன் கிட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நல்ல வேலை. ஆனால் சில்லுகள் எல்லா ஓரத்திலும் ஒழுங்காகப் பங்கு பிரித்தது போல இருந்தன.

அவனுக்கு நான் சொன்ன முதல் வாதம் எல்லோரும் சொல்வதுதான்: புதிதாக வாங்கு, வாசி, அது தானாகத் தேயட்டும். அதற்கு அவன் சொன்ன பதில் என்னை யோசிக்க வைத்தது. "தானா தேயாது மாமா. இப்ப அடிக்கிற பெயிண்ட் அப்படி."

உண்மைதான். ஐம்பது, அறுபதுகளின் கிட்டார்களில் பெரும்பாலும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் என்ற பூச்சு. அது மெல்லிசாக இருக்கும். வருஷக்கணக்காகச் சுருங்கிக்கொண்டே இருக்கும், மஞ்சளாகும், குளிரும் சூடும் மாறி மாறிப் பட்டால் விரிசல் விடும், வியர்வையிலும் உராய்விலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து மரத்தைக் காட்டும். அறுபதுகளின் கடைசியிலிருந்து பாலியெஸ்டர், பாலியூரித்தேன் பூச்சுகள் வந்துவிட்டன. அவை கனமான பிளாஸ்டிக் சட்டை மாதிரி. முப்பது வருஷம் உரசினாலும் பளபளப்பு மங்குமே தவிர மரம் தெரியாது. வேகமாக இடித்தால் மட்டும் எனாமல் தட்டு போலத் தெறிக்கும்.

என் கிட்டாரே அதற்குச் சாட்சி. 1994-இல் திருச்சியில் வாங்கிய, கல்கத்தாவில் செய்த, ஸ்ட்ராட் (ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வடிவக் கிட்டார். சிவப்புப் பெயிண்ட், கட்டியான பூச்சு. அன்று மாலை அதையும் பரணிலிருந்து இறக்கி அவன் கிட்டாருக்குப் பக்கத்தில் பாயில் வைத்தேன். முப்பது வருஷ வாசிப்புக்கு, வலது முழங்கை படும் இடத்தில் ஒரு மங்கல் மட்டும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும்.

தேய்ந்த இடங்கள் வேறே. எங்கள் குழுவுக்கு வெள்ளை வேட்டியும் மெரூன் சட்டையும்தான் சீருடை. ஃபோல்டிங் சேரில் உட்கார்ந்து, முன்னால் நோட்ஸ் வைத்து வாசிப்போம். அதனால் என் கிட்டாரின் முதுகில் பெல்ட் பக்கிள் கீறல் ஒன்றுகூடக் கிடையாது. வலது தொடையில் உட்காரும் இடுப்பு வளைவில்தான் சிவப்பு வெளுத்திருக்கிறது. பாடகருக்குத் தக்கபடி சுருதி மாறிக்கொண்டே இருக்கும், ஆகவே திறந்த கார்டுகளைவிட, ஒரு விரலைக் கம்பிகளின் குறுக்கே படுக்க வைத்துப் பிடிக்கிற பாரே கார்டு அதிகம். நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளான பிரெட்டுகளில், மூன்றாவதிலிருந்து எட்டாவது வரை கம்பிகள் பள்ளம் பறித்திருக்கின்றன. ஒரு தடவை முழுக்க மாற்றியாயிற்று, இது இரண்டாவது செட். கம்பிகளைத் தாங்குகிற சேடில் ஸ்க்ரூக்கள் வியர்வை உப்பில் இறுகிப்போய் மூன்று திரும்பவே திரும்பாது. 2004 மகாமகத்தை ஒட்டி இரண்டு வாரம் அநேகமாக தினம் கச்சேரி. அந்த மாசிப் புழுக்கத்தில் பிக்கப் கவரெல்லாம் பச்சை பூத்தது. கீழ் ஓரத்தில் அரை வட்டமாகப் பழுப்பாகப் பொங்கிய ஒரு தழும்பு இருக்கிறது. அது பாபநாசம் பக்கம் ஒரு கிராமத்தில், வயல் ஓரத்து மேடையில், ஆம்ப் பக்கத்தில் ஏற்றி வைத்த கொசுவர்த்திமேல் நான் பார்க்காமல் சாய்த்தது. அன்றைக்கு இரண்டு பாட்டு முடிந்த பிறகுதான் வாசனை வந்து தெரிந்தது.

இப்போது அவன் கிட்டாரைப் பாருங்கள். முதுகில் பக்கிள் கீறல். மேல் வளைவில், நின்றுகொண்டு வாசித்தவனின் முழங்கை உரசிய இடம். அவன் நின்று வாசித்ததே இல்லை. சென்னையில் ஒரு அறையில், நாற்காலியில் உட்கார்ந்து, ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு வாசிக்கிறவன். அது யாருடைய உடம்பின் தடம்? ரோரி கேலகர் மாதிரி ஒருவருடையது. அயர்லாந்துக் கிட்டார் கலைஞர். 1961-இல் செய்த ஸ்ட்ராட்டை 1963-இல் கார்க் நகரத்தில் வாங்கி, கடைசிவரை அதையே வாசித்தார். நடுவில் ஒரு முறை திருட்டுப் போய் மழையில் கிடந்து திரும்பி வந்தது. அவர் வியர்வையிலேயே பெயிண்ட் பெரும்பகுதி போய்விட்டது. 2024-இல் ஏலத்தில் எட்டு லட்சத்து எண்பதாயிரம் பவுண்டுக்கு மேல் போய், இப்போது அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்கென்று கொடுக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கிட்டாரின் படத்தை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. அந்தத் தேய்மானத்தை நகல் எடுத்து இன்னொருவன் மடியில் வைக்கும்போது எனக்கு அந்தக் கனம் வருவதில்லை. ஃபெண்டர் அவர் கிட்டாருக்கே ஒரு நகல் செய்து விற்றது, அதுவும் எனக்குத் தெரியும்.

ஆனாலும் நெக்கைப் பற்றி நான் சொன்னதை மாற்றமாட்டேன். அது கைக்காகச் செய்த வேலை. முதல் நாளிலேயே ஒருவனுக்குப் பயமில்லாமல் வாசிக்க வருகிறதென்றால் அதற்குக் காசு கொடுக்கலாம். பயம் என்று சொன்னேன் அல்லவா, அது பெரிய விஷயம். நான் வாங்கிய முதல் வருஷம் கிட்டாரைத் துணி சுற்றித்தான் வைத்திருந்தேன். மேடையில் அதைக் காப்பாற்றுவதிலேயே பாதி கவனம் போகும். இவன் கையில் எடுத்த நிமிஷத்திலிருந்து பழைய சிநேகிதன் தோளில் கை போடுவது போல வாசிக்கிறான்.

மறுநாள் அவனை பைக்கில் உட்கார வைத்து நரசிங்கம்பேட்டைக்குக் கூட்டிப் போனேன். நாதஸ்வரம் செய்கிற ஊர். 2022-இல் புவிசார் குறியீடு வந்தது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை வாசித்த, நீளம் கூடிச் சுருதி தாழ்ந்த பாரி நாதஸ்வரம் இந்த ஊர்ப் பட்டறையில் உருவானதுதான். ஆச்சா மரத்தில் செய்வார்கள், அதுவும் புதிதாக வெட்டிய மரம் ஆகாது. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் உத்தரம், தூண், விட்டம் இவற்றைத்தான் தேடி வாங்குவார்கள். பல பத்தாண்டு கூரைக்கடியில் கிடந்து, ஈரமெல்லாம் போய், இனி வளைவதற்கும் வெடிப்பதற்கும் எதுவும் பாக்கியில்லாத மரம். பட்டறை வாசலில் அப்படி ஒரு உத்தரம் கிடந்தது. ஆணித் துளை, கரி, சுண்ணாம்பு, ஒரு பக்கம் கரையான் அரித்த தடம். கடைசலில் ஏற்றியதும் அந்த வயசு முழுக்கத் தூளாக உதிர்ந்து, உள்ளிருந்து கறுஞ்சிவப்பாகப் புத்தம் புதுக் குழல் வந்தது. அவன் குனிந்து அந்தத் தூளைக் கையில் அள்ளிப் பார்த்தான்.

"இவங்க உள்ள பழசா வெச்சு வெளியே புதுசா ஆக்கறாங்க மாமா" என்றான். அவனே சொன்னது. மேப்பிள் மரத்தைக் காற்றில்லாத அடுப்பில் வாட்டி ஈரம் போக்கி நெக் செய்கிற வழக்கம் இப்போது கிட்டார் கம்பெனிகளிலும் வந்திருக்கிறது என்று வழியில் விளக்கினான். அந்த வேலைமேல் எனக்கு உடனே மரியாதை வந்தது.

காணும் பொங்கலன்று திருவிடைமருதூர் பக்கம் எங்களுக்குக் கச்சேரி. அவனையும் அழைத்துப் போய் இரண்டு பாட்டுக்கு வாசிக்க விட்டேன். நன்றாக வாசித்தான். ராத்திரி பன்னிரண்டரைக்கு டெம்போவில் சாமான் ஏற்றும்போது, அவன் ஒரு கையில் கிட்டாரும் இன்னொரு கையில் வயர் சுருளுமாக ஏறினான். டிரம் ஸ்டாண்டின் கால் கிட்டாரின் கீழ் ஓரத்தில் பட்டது. "டக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அவன் முகம் செத்துவிட்டது. செல்போன் டார்ச்சை அடித்து ஓரத்தைத் தடவித் தடவிப் பார்த்தான். ஏற்கெனவே முப்பது சில்லு இருக்கிற கிட்டார். எனக்கு எது புதுசு என்று பிடிபடவில்லை.

"இது மாமா" என்று விரலை வைத்துக் காட்டினான். அரிசி மணி அளவு. கிட்டப் போய்ப் பார்த்தேன். கம்பெனி போட்ட சில்லுகளுக்குள் மரம் சாயம் ஏறிப் பழுப்பாக இருந்தது. இதற்குள் இருந்த மரம் அப்போதுதான் சீவிய தேங்காய்க் கீற்று போல வெளுப்பு.

வீடு வரும்வரை அவன் பேசவில்லை. எனக்கும் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. என் கொசுவர்த்தித் தழும்பு விழுந்த ராத்திரி நானும் இப்படித்தான் வந்தேன். காலையில் காபி குடிக்கும்போது, பித்தளை ஃபினிஷ் செய்கிறவர் ஒருவர் கடைக்கு வருவார், மரத்துக்கும் சாயம் கலப்பார், கேட்டால் மற்றதோடு சேர்ந்து போகிற மாதிரி தொட்டுக் கொடுத்துவிடுவார் என்று சொன்னேன்.

டபராவைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டாரை எடுத்து அந்த இடத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவினான்.

"வேண்டாம் மாமா. இருக்கட்டும்."

உட்கார்ந்து வாசித்தால் அந்த ஓரம் அவன் தொடையில்தான் படும். அடுத்த பொங்கலுக்கு வரும்போது அது என்ன நிறமாகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.